சுவையான நீரும் சுத்தமான நீரும்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்தை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையை நம் வாசகர்களுள் பலர் அறிவர். முட்டுக்காட்டுப் பாலத்தில் பேருந்து ஏறும்போது இருபுறமும் உப்பங்கழி விரிந்து கிடக்கும். அதைக் கடந்தால் கோவளம். அங்கே கார்மேல் அன்னையின் ஆலயம். அதற்கப்பால் சவுக்குத் தோப்புகள், மீனவர் குப்பங்கள், முடிவில் பல்லவர் செதுக்கிய கற்கோயில்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செல்வோர் இவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர்.

ஆனால் உல்லாசப் பயணிகளின் கண்ணில் அவ்வளவாகப் படாத வேறொன்றும் இச்சாலையில் உண்டு. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைப் பண்ணை இருக்கிறது. கொடுவா மீனைத் தொட்டியில் வளர்த்து, அங்கேயே முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்க வைக்கும் முயற்சியில் இந்தியாவில் முதன்முதலாக வெற்றி கண்டது அந்நிலையமே, ஆண்டு 1997. வடநெம்மேலியில் 1976-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை, அழிந்துவந்த முதலை இனங்களைக் காத்துப் பெருக்கியது. அதை அடுத்து 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பின் நஞ்சைச் சேகரித்து, முறிமருந்து தயாரிப்போர்க்கு அளித்து வருகிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் இயங்கத் தொடங்கிற்று. இன்னும் தெற்கே சென்றால் கல்பாக்கம். அங்கே அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள காற்றையும் நீரையும் மண்ணையும் மீனையும் ஓயாது சோதித்து வரும் ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. உட்புறமாகத் திரும்பினால் கேளம்பாக்கம், காட்டாங்கொளத்தூர், வண்டலூர் என்று பல்கலைக்கழக வளாகங்கள் வரிசையாக நிற்கின்றன.

இத்தனை இருந்தும், 'சுற்றுப்புறச் சூழல் ஆய்வுக்கூடம்' என்ற சொல்லைக் கேட்டவுடன், அது படித்தவர்களின் காரியம், நம் அடுப்படிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணுவது தவறு என்பதை நமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை இம்மாதம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கசந்து போன கிணறு

சில ஆண்டுகளுக்கு முன் இக்கடற்கரையைச் சேர்ந்த ஒரு பங்கில் குடிநீர்ப் பூசல் எழுந்தது. ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. கடலை ஒட்டிய தெருவில் இருந்த கிணறுகள் கோடைதோறும் உவர்த்துக்கொண்டே வந்தன. மேற்குத் தெருவினர் ஆழ்துளைக் கிணறு தோண்டி இயந்திரம் வைத்து நீர் இறைத்ததே இதற்குக் காரணம் என்று கிழக்குத் தெருவினர் குறை கூறினர். மேற்குத் தெருவினரோ, அது கடலின் குணம், அதற்கு நாங்கள் என்ன செய்வோம் என்றனர். பேச்சு வளர்ந்தது. பங்குத் திருநாளுக்குத் தேர் இழுப்பதில்கூட இரு தெருவாரும் சேர்ந்து கைகொடுக்க மறுக்கும் அளவுக்கு மனக்கசப்பு முற்றிவிட்டது.

பங்குத் தந்தை இரு தரப்பாரையும் அழைத்துப் பேசினார், பயன் இல்லை. அப்போது அவருக்குத் தெரிந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், சூழலியல் பயிலும் தம் மாணவ மாணவியரை அழைத்து வந்து அவ்வூர்க் கிணறுகள் அனைத்தையும் சோதிக்க முன்வந்தார். நாமும் அன்று அங்கே இருந்தோம்.

மாணவர்கள் முதலில் செய்தது நமக்கு வியப்பாக இருந்தது. அவர்கள் உடனே நீரை மொள்ளவில்லை. ஒவ்வொரு கிணற்றின் ஆழத்தையும், நீர் நிற்கும் மட்டத்தையும், கடலிலிருந்து அதன் தூரத்தையும், அருகில் கழிப்பறைக் குழி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் அளந்து குறித்தனர். அதன் பின்னரே குப்பிகள் வெளிவந்தன. உப்பைச் சோதிக்கும் நீருக்கு ஒரு குப்பி; அதை அதே கிணற்று நீரால் மும்முறை அலம்பிய பிறகே நிரப்பினர். கிருமியைச் சோதிக்கும் நீருக்கு வேறொரு குப்பி. அது ஆய்வுக்கூடத்தில் வெப்பத்தால் தூய்மையாக்கப்பட்டு மூடி வந்தது. அதை அலம்பவில்லை, அதன் வாயில் விரல்கூடப் படவில்லை, நிரப்பியவுடன் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தனர்.

ஊரின் நடுவில் இருந்த ஒரு வீட்டுக் கிணற்றை மட்டும் எவரும் சந்தேகிக்கவில்லை. அதன் நீர் தேன் போல் இனிக்கும் என்பது ஊரார் கூற்று. திருநாளுக்கு வரும் குருக்களுக்கும் அக்கிணற்று நீரையே கொடுப்பது வழக்கம். மாணவி ஒருத்தி அங்கே குப்பியை எடுத்தபோது, அவ்வீட்டு மூதாட்டி சிரித்தார்.

“நாலு தலைமுறையா குடிக்கிற தண்ணி இது. இதுக்கு என்ன சோதனை கண்ணு?”

“எல்லாக் கிணத்தையும் எடுக்கச் சொல்லியிருக்காங்க ஆயா. ஒண்ண விட்டா கணக்கு சரியா வராது” என்றாள் அப்பெண், பணிவாக.

வெள்ளி உப்பு சொன்ன செய்தி

மறுவாரம் அக்கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு நாம் சென்றோம். பெரிய கட்டடம் என்று சொல்வதற்கில்லை. நீண்ட மேசைகள், தராசு, காய்ச்சி வடித்த நீர் எடுக்கும் கருவி, கிருமி வளர்க்கும் வெப்பப்பெட்டி, கண்ணாடி அளவுக்குழல்கள் ஆகியவையே இருந்தன. மாணவர் ஒருவர் கிணற்று நீரைக் கூம்புக் குடுவையில் ஊற்றி, மஞ்சள் நிறமான பொட்டாசியம் குரோமேட் கரைசலில் சில துளிகள் விட்டு, மேலே தொங்கிய குழலிலிருந்து வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விழச் செய்தார். நீரில் உப்பு இருக்கும்வரை வெள்ளி அதனோடு சேர்ந்து வெண்மையாகப் படிந்தது. உப்பு தீர்ந்த கணத்தில் மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறிற்று. அதுவரை எத்தனை சொட்டு செலவாயிற்று என்பதைக் கொண்டு நீரில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். குடிநீரில் அது லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. கடல்நீரிலோ ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் உண்டு.

கணக்கு முடிந்தபோது இரு தெருவாரின் வாதத்திலும் பாதி உண்மை இருப்பது தெரிந்தது. பேராசிரியர் அதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். கடற்கரை மணலுக்கடியில் மழைநீரும் கடல்நீரும் அடுத்தடுத்து நிற்கின்றன. மழைநீர் இலேசானது, கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே நல்ல நீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை உவர்நீர் அணுகாமல் தள்ளி நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து நாட்டினரான கைபனும், பின்னர் ஜெர்மானியரான ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியே கண்ட விதி இது. இதன் மறுபக்கம் அச்சந்தருவது. மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், அடியில் உவர்நீர் நாளடைவில் 20 மீட்டர் ஏறிவரும்! அளவின்றி இறைப்பது ஒரு தெரு. அதன் பலனை அனுபவிப்பது வேறொரு தெரு. ஆனால் கிழக்குத் தெருவிலும் இயந்திரங்கள் இல்லாமல் இல்லை. மழைநீரைத் தேக்கிவந்த பழைய குட்டையைத் தூர்த்து மனையாக்கியதில் இரு தெருவாருக்கும் பங்குண்டு. குற்றவாளியைத் தேடிப் போனவர்களுக்குத் தங்கள் கைகளே தென்பட்டன.

ஆனால் அன்று நம்மைத் திடுக்கிட வைத்தது வேறு செய்தி. தேன் போல் இனித்த அந்தக் கிணற்றில்தான் மனித மலத்திலிருந்து வரும் கிருமிகள் மிகுதியாகக் காணப்பட்டன. அதிலிருந்து சில அடி தூரத்தில், சுவருக்கு மறுபுறம், பக்கத்து வீட்டார் புதிதாகக் கட்டிய கழிப்பறைக் குழி இருந்தது. உவர்த்த கிணறு நாவுக்குத்தான் பகையாக இருந்தது. இனித்த கிணறோ குழந்தைகளின் வயிற்றுக்குப் பகையாக இருந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அத்தெருப் பிள்ளைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைக் கண்ணேறு என்று எண்ணியிருந்த தாய்மார்கள் இதைக் கேட்டு வாயடைத்து நின்றனர்.

அந்த மூதாட்டி மனம் புண்பட்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தம் குடும்பத்தின் நற்பெயரையே சோதித்துவிட்டதாக அவர் எண்ணினார். சில வாரங்கள் கோயிலுக்கும் வரவில்லை. பின்னர் அதே மாணவி இருமுறை சென்று பேசி, கிணற்றில் குளோரின் தூள் இடும் அளவைக் கற்றுக்கொடுத்து, நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி வேண்டிக்கொண்டாள். கழிப்பறைக் குழியை இடம் மாற்றப் பக்கத்து வீட்டார் இணங்குவதற்கு ஓராண்டு ஆயிற்று. இரு தெருவாரும் சேர்ந்து குட்டையின் எஞ்சிய பகுதியையேனும் தூர்வாரினர். பூசல் முற்றும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் 'நீ செய்தாய்' என்ற பேச்சு, 'நாம் என்ன செய்வது' என்று மாறிற்று. ஒரு சிறிய ஆய்வுக்கூடம் ஓர் ஊருக்குச் செய்த தொண்டு இது.

சாட்சி சொல்லும் எண்கள்

அன்று ஆய்வுக்கூடத்தில் கண்ட இன்னொன்றும் நம் நினைவில் நிற்கிறது. ஒரே நீரை இருமுறை சோதித்த மாணவர் ஒருவருக்கு இரண்டு விடைகள் வந்தன. இரண்டாவது எண்ணை அழித்து முதல் எண்ணோடு பொருந்தும்படி எழுத அவர் முற்பட்டார். பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, அழிக்காதே. ஒரு கோடு இழுத்துவிட்டு, என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுது. மூன்றாம் முறை செய்து பார்” என்றார். குறிப்பேட்டில் அழிப்பதற்கு இடமில்லை. தவறையும் மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் சட்டம். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்யும் ஆத்தும சோதனையை இது நமக்கு நினைவூட்டிற்று.

இந்த நேர்மை ஏன் இவ்வளவு முக்கியம்? ஏனெனில் இவ்வெண்கள் ஒருநாள் நீதிமன்றத்தில் ஏழைகளுக்காகச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். செங்கற்பட்டைத் தொட்டு ஓடும் பாலாற்றை எடுத்துக்கொள்வோம். வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் அவ்வாற்றையும் அதன் கரை நிலங்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வில், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஒவ்வாததாகிவிட்டது என்று கண்டறியப்பட்டதை அத்தீர்ப்பு எடுத்துக் கூறுகிறது. மாசு செய்தவனே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றதும் அத்தீர்ப்புத்தான். அதே ஆண்டு டிசம்பரில், காந்தியத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர இறால் பண்ணைகளைப் பற்றிய தீர்ப்பு வந்தது. அதிலும் நாகபுரியைச் சேர்ந்த தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வறிக்கைகள் துணைநின்றன.

உழவனின் கண்ணீர் உண்மையானதே. ஆயினும் கண்ணீரை மட்டும் கொண்டு சென்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை மறுத்துவிடுவார். மண்ணை எடுத்து, அளந்து, எழுதி, கையொப்பமிட்ட ஆய்வாளரின் எண்ணை அவ்வளவு எளிதாக மறுத்துவிட முடியாது. அந்த எண்ணில் ஒன்று பொய் என்று தெரிந்தாலோ, ஊரே தோற்றுவிடும்.

கடலருகே கூடம் வேண்டும்

நிற்க. ஆய்வுக்கூடம் நகரத்தில் இருந்தால் போதாதா, கடற்கரையில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நீர், பேருந்தில் ஏறிப் பயணம் செய்யப் பொறுப்பதில்லை என்பதே விடை. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அளப்பது சூழலியலின் பாலபாடம்; மீன் உயிர்வாழ்வது அதனால்தான். குப்பியில் அடைத்துச் சென்னைக்குக் கொண்டுபோவதற்குள் அக்குப்பியில் உள்ள நுண்ணுயிர்கள் அவ்வாயுவை உட்கொண்டுவிடும். ஆகவே கழிமுகத்தின் கரையிலேயே மாங்கனீசு உப்பையும் காரக் கரைசலையும் சேர்த்து, பழுப்பு நிறப் படிவமாக அதைக் கட்டிப்போட வேண்டும். ஹங்கேரி நாட்டு விங்க்ளர் 1888-இல் கண்ட முறை இது. இன்றும் மாணவர்கள் கற்கின்றனர். கிருமிச் சோதனைக்கு எடுத்த நீரையும் பனிக்கட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் சோதித்தாக வேண்டும்.

இதனை உணர்ந்தே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் பல்லாண்டுகளுக்கு முன்பே பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றுக் கழிமுகத்தின் அருகில், கடல்வாழ் உயிரியல் நிலையத்தை அமைத்தனர். கடலும் கழியும் அலையாத்திக் காடும் அம்மாணவர்களின் வகுப்பறையாயின. கல்பாக்கத்திலும் இதே பாடத்தைக் காணலாம். அணுமின் நிலையத்தைக் குளிர்விக்கும் கடல்நீர், கடலடியில் குடைந்த 468 மீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே வருகிறது. அச்சுரங்கத்தின் சுவரில் பச்சை மட்டிகளும் கொட்டலசுகளும் ஒட்டிப் பெருகி நீரோட்டத்தைத் தடுத்தன. அவை எப்போது இனம் பெருக்குகின்றன, எந்த அளவு குளோரினுக்கு அடங்குகின்றன என்பதை அக்கரையிலேயே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துதான் விஞ்ஞானிகள் வழி கண்டனர். கடலின் கேள்விக்கு விடை காணக் கடலின் அருகில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்களுக்கு வேண்டியது விலையுயர்ந்த கருவிகள் மட்டுமன்று. குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களைக் காண அணு உறிஞ்சல் நிறமாலைமானி வேண்டும். பூச்சிமருந்தின் எச்சத்தைக் காண வாயு நிறப்பகுப்புக் கருவி வேண்டும். ஆனால் கருவி வாங்கக் கிடைக்கும் பணம், அதைப் பழுது பார்க்கவும், இரசாயனப் பொருள் வாங்கவும், அதை இயக்கத் தெரிந்த உதவியாளரை நிலையாக வைத்துக்கொள்ளவும் கிடைப்பதில்லை. விழா நடத்தித் திறந்துவைத்த கருவி, துணி போர்த்திய நிலையில் கண்ணாடி அறைக்குள் உறங்குவதை வாசகர்களுள் ஆசிரியப் பணி புரிவோர் அறிவர். கருவி உறங்கும் கூடத்தைவிட, அளவுக்குழலும் தராசும் நாள்தோறும் கைபடும் கூடமே மேலானது.

மனப்பாடமும் கைப்பாடமும்

சுற்றுச்சூழலை எல்லாக் கல்வி நிலையங்களிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் கட்டளையிட்டது. அதன் வழியே பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டப் படிப்புகளுக்கும் ஆறுமாதப் பாடத்திட்டம் வகுத்தது. அத்திட்டத்தின் 50 பாடவேளைகளில் 5 பாடவேளை அளவுக்கு வெளியே சென்று ஆற்றையோ குளத்தையோ மாசுற்ற இடத்தையோ நேரில் காண வேண்டும் என்றும் இருந்தது. நோக்கம் உயர்ந்ததே. நடைமுறையில் பல பிள்ளைகள் அப்பாடத்தைத் தேர்வுக்கு முதல்நாள் மனப்பாடம் செய்து, மறுநாள் மறந்துவிடுகின்றனர். கொளவாய் ஏரிக்கு எதிரே இரயிலுக்குக் காத்திருக்கும் செங்கற்பட்டு மாணவன், அவ்வேரியில் கை நனைக்காமலேயே நீர் மாசு பற்றிப் பத்து மதிப்பெண் வாங்கிவிடலாம். பூசை மந்திரங்களை மனப்பாடம் செய்துவிட்டுப் பூசைக்கே போகாத பிள்ளையை நாம் எப்படி மதிப்போம்?

இவ்விடத்தில் நம் திருச்சபையின் மைந்தர் ஒருவரை நினைவுகூர்வது தகும். 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரின் காலத்தில், பாப்பரசரின் கப்பலான 'அமல உற்பவம்' மத்தியதரைக் கடலில் மிதந்துகொண்டிருந்தது. உரோமைக் கல்லூரி வானாய்வுக்கூடத்தின் தலைவரும் சேசு சபைக் குருவுமான ஆஞ்சலோ செக்கி சுவாமிகள் அதில் இருந்தார். விண்மீன்களின் ஒளியைப் பகுத்து அவற்றை வகைப்படுத்திய பெருமேதை அவர். அன்று அவர் கையில் இருந்ததோ ஒரு வெண்ணிறத் தட்டு! அதைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். நீர் தெளிவாயிருந்தால் ஆழத்திலும் தெரியும்; கலங்கியிருந்தால் விரைவில் மறையும். இன்றும் உலகெங்கும் ஏரியையும் கடலையும் ஆராய்வோர் 'செக்கித் தட்டு' என்று அதையே பயன்படுத்துகின்றனர். ஒரு தட்டும், முடிச்சிட்ட கயிறும், உண்மையை உள்ளபடி எழுதும் மனமும் இருந்தால் முட்டுக்காட்டு உப்பங்கழியே ஆய்வுக்கூடமாகிவிடும். நம் பள்ளிகள் இதைச் செய்யப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

நம் நாட்டிலும் அத்தகைய குருக்கள் இருந்தனர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராப்பினாத் தாவரத் தொகுப்பகத்தை வளர்த்த சேசு சபைக் குரு கே.எம். மத்தேயு அவர்கள், தமிழகத்துக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைக் காடு மேடெல்லாம் நடந்து சேகரித்துப் பெருநூலாக்கினார். படைப்பை அன்பு செய்வதாகச் சொல்பவன் அதன் பெயரையாவது அறிந்திருக்க வேண்டாமா?

ஐந்துகாயப் பிரான்சிஸ்குவைச் சூழலியலாரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979-இல் அறிவித்தார். அப்புனிதரின் பெயரைத் தாங்கிய திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலை வழங்கினார். அசுத்த நீரால் முதலில் துன்புறுவோர் ஏழைகளே என்றும், ஒரு திட்டத்தால் சூழலுக்கு நேரும் விளைவுகளை ஆராய்வது நேர்மையாகவும் பிறர் தலையீடின்றியும் நடைபெற வேண்டும் என்றும், அவ்வாய்வில் உள்ளூர் மக்களுக்குத் தனியிடம் உண்டு என்றும் அம்மடலில் அவர் கற்பித்தார்.

உள்ளூர் மக்களுக்கு இடம் என்பது வெறும் மரியாதைக்காகச் சொன்னதன்று. வேடந்தாங்கலைப் பாருங்கள். ஏரியில் வந்து தங்கும் பறவைகளின் எச்சத்தால் அந்நீர் பாயும் வயல் செழிக்கிறது என்பதை அவ்வூர் உழவர்கள் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்திலேயே கண்டறிந்தனர். பறவைகளைச் சுடுவோரைத் தடுக்க வேண்டுமென்று அவர்கள் கேட்க, செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் அவ்வுரிமையை எழுத்தில் அளித்தார். நீரோட்டம் வடக்கிலிருந்து வந்தால் 'வன்னி' என்றும் தெற்கிலிருந்து வந்தால் 'தெண்டி' என்றும் பெயரிட்டு, அதைக்கொண்டு வலை விரிக்கும் நம் மீனவர் கற்றதும் ஒரு விஞ்ஞானமே. பல்கலைக்கழகத்தார் இவர்களிடம் கேட்டறிய வேண்டியது நிறைய உண்டு. கேட்டறிந்ததைத் திருப்பிச் சொல்லும் கடமையும் அவர்களுக்கு உண்டு. ஒரு கிராமத்து நீரை எடுத்துச் சென்று பட்டம் பெற்றுவிட்டு, அந்நீர் குடிக்கத் தக்கதா இல்லையா என்பதை அவ்வூராருக்குச் சொல்லாமலே போவது நன்றியற்ற செயல்.

நம் இல்லங்களில்

குடும்பத்தார் என்ன செய்யலாம்? முதலாவது, நம் வீட்டுக் கிணற்று நீரை ஆண்டுக்கொரு முறையேனும், மழைக்காலம் முடிந்தபின், சோதிக்கச் செய்வோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக் கூடங்களில் கட்டணம் செலுத்தி இதைச் செய்யலாம். உப்புச் சோதனைக்கு இரண்டு லிட்டர் நீரைச் சுத்தமான கலத்தில், அந்நீராலேயே மும்முறை அலம்பிய பின் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு உரிய குப்பியைக் கூடத்தாரிடமே கேட்டுப் பெறுதல் வேண்டும். நாவை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்பதை மேலே கண்டோம்.

இரண்டாவது, பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் அருகிலுள்ள கல்லூரிகளை நாடி, தங்கள் ஊர்க் கிணறுகளைச் சோதிக்க மாணவர்களை அழைக்கலாம். மாணவர்க்குக் கைப்பாடம், ஊருக்குத் தெளிவு. முடிவைப் பூசைக்குப் பின் யாவரும் அறியச் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம்.

மூன்றாவதாக, பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. மகனோ மகளோ சுற்றுச்சூழல் விஞ்ஞானம் படிக்க விரும்புவதாகச் சொன்னால், 'அதில் என்ன சம்பளம் வரும்?' என்பதே நம் முதற் கேள்வியாகிறது. கேள்வி நியாயமானதே, குடும்பம் நடத்துவோர் கேட்கத்தான் செய்வர். ஆனால் அதுவே கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டாம். குறிப்பாக நம் கடலோரப் பங்குகளிலிருந்து இத்துறைக்குப் பிள்ளைகள் செல்ல வேண்டும். கடலையும் அறிந்து, அளவுக்குழலையும் பிடிக்கத் தெரிந்த ஒரு மீனவர் வீட்டுப் பெண், வெளியூரார் பத்துப் பேர் கேட்கத் தவறும் கேள்வியைக் கேட்பாள்.

பாலைநிலத்தில் மாரா என்னுமிடத்தில் நீர் கசந்தபோது, மக்கள் மோயீசனுக்கு எதிராக முறுமுறுத்தனர். ஆண்டவர் ஒரு மரத்தைக் காட்டினார். அதை நீரில் இட்டதும் நீர் இனித்தது என்று வேதாகமம் கூறுகிறது. மரத்தைக் காட்டியவர் ஆண்டவர். அதை எடுத்து நீரில் போட்ட கை மனிதனுடையது. முறுமுறுப்பதை விடுத்துக் கையை நீட்டும் வேலை நம்முடையது.

அந்த ஊருக்கு நாம் அண்மையில் மீண்டும் சென்றோம். மூதாட்டியின் வீட்டில் நீர் கொடுத்தார்கள். காய்ச்சி ஆறிய நீர். “முன்ன மாதிரி ருசி இல்லதான்” என்று பெருமூச்செறிந்தார் அவர். பின்னர் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த கொள்ளுப்பேரனைக் காட்டி, “ஆனா இந்த மழைக்கு இவன் ஒரு நாள்கூடப் படுக்கல” என்றார். நாம் அந்த நீரை முழுவதும் குடித்தோம்.